அம்புக்குறிக்கு மேலே எழுதாதவை
கரிம வேதியியல் வினை அட்டைகளில் காணும் பிழைகள் – ஒரு மதிப்பீடு

ஒரு நூல் எப்படி இருக்க வேண்டும் என்று சொன்ன நம் இலக்கண ஆசிரியர்கள், அது எப்படியெல்லாம் கெட்டுப்போகும் என்பதையும் சேர்த்தே சொல்லிவைத்தார்கள். சீயகங்கன் என்னும் சிற்றரசன் வேண்டிக்கொள்ள, 13-ஆம் நூற்றாண்டில் நன்னூல் செய்த பவணந்தி முனிவர், அதன் பாயிரப் பகுதியில் நூலுக்கு வரும் குற்றங்கள் 10 என்று எண்ணிக் காட்டியிருக்கிறார். சமண முனிவர் ஒருவர் வகுத்த அந்தப் பட்டியலைப் பள்ளிக்கூடத்தில் மதிப்பெண்ணுக்காக மனப்பாடம் செய்துவிட்டு அங்கேயே விட்டுவந்தவர்கள்தான் நம்மில் அதிகம். அந்த அளவுகோலைச் சற்று வினோதமான ஓர் இடத்துக்கு இந்தக் கட்டுரையில் கொண்டுபோகிறேன். நம் வீட்டுப் பிள்ளைகளின் படிப்பு மேசைக்கு எதிரே சுவரில் ஒட்டியிருக்கிறதே, கரிம வேதியியல் வினை அட்டை, அதுதான் அந்த இடம்.

வெளிமாநிலத்தில் வாழும் தமிழ்க் குடும்பங்களில் பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளை இருந்தால், அந்த வீட்டில் இந்த அட்டை ஏதாவது ஒரு வடிவில் இருக்கும். ஜே.இ.இ. தேர்வானாலும் நீட் தேர்வானாலும் கரிம வேதியியல் இல்லாமல் முடியாது. அம்மா அப்பாவுக்கோ அந்தப் பாடம் மறந்து பல வருடம் ஆகியிருக்கும். சிலர் படித்தே இருக்கமாட்டோம். "அச்சில் வந்திருக்கிறதே, சரியாத்தான் இருக்கும்" என்று விட்டுவிடுகிறோம். அப்படி விடக்கூடாது என்பதும், வேதியியல் தெரியாத பெற்றோரும் ஓரளவு சோதித்துப் பார்க்க வழி உண்டு என்பதும்தான் நான் சொல்ல வருவது.

என்னைப் பற்றி ஒரு வரி போதும். நான் வேதியியல் பட்டதாரி அல்லன், கரைப்பான் வியாபாரி. டொலுயீனும் அசிட்டோனும் ஈதரும் டிரம் கணக்கில் விற்றுக்கொண்டிருந்தபோது, இந்தச் சரக்கு எதற்குப் போகிறது என்று விசாரிக்கத் தொடங்கி, மாரிசன் – பாயிடு பாடநூல் வரை வந்து சேர்ந்தவன். கைக்குக் கிடைத்த அட்டைகளையும் கையேடுகளையும் அந்த நூலோடும் என்.சி.இ.ஆர்.டி. பாடநூலோடும் ஒத்துப் பார்த்துக் குறித்துவைத்தவையே கீழே வருவன. எந்தப் பதிப்பகத்தின் பெயரையும், எந்தப் பயிற்சி நிலையத்தின் பெயரையும் சொல்லப்போவதில்லை. ஒருவர் செய்த பிழையை இன்னொருவர் பார்த்தெழுதி, அதை மூன்றாமவர் நகலெடுத்து, இன்று கைப்பேசியில் சுற்றும்போது அது யாருடைய பிழை என்று சொல்லவும் முடியாது.

அட்டையின் நன்மை

குற்றம் சொல்லுமுன் குணம் சொல்ல வேண்டும். நடுவில் ஒரு சேர்மம், சுற்றிலும் அம்புகள், அம்பின் மேல் வினைப்பொருளும் வெப்பநிலையும், முனையில் விளைபொருள் என்பதே இந்த அட்டைகளின் பொதுவான அமைப்பு. எத்தனாலை நடுவில் வைத்தால் எத்தீன், ஈதர், அசிட்டால்டிஹைடு, அசிட்டிக் அமிலம், எஸ்டர் என்று ஊர்கள் விரியும். நூறு பக்கத்தில் சிதறிக் கிடப்பதை ஒரே பார்வையில் காட்டுவது பெரிய உதவிதான். ரயில்வே கால அட்டவணை மாதிரி: ஏற்கெனவே பயணம் தெரிந்தவனுக்கு அது போதும், முதல் தடவை போகிறவனுக்கு அது மட்டும் போதாது.

எதைச் சுருக்கம் என்று ஒப்புக்கொள்வது, எதைக் குற்றம் என்று தள்ளுவது? இதற்கு ஓர் அளவு வேண்டும். நான் வைத்துக்கொண்ட அளவு இதுதான்: விட்டுப்போன செய்தியால் விளைபொருளின் அளவு மட்டும் கூடிக் குறையுமானால் அது சுருக்கம், விளைபொருளே வேறாகிவிடுமானால், அல்லது வினையே நடக்காமல் போகுமானால், அது குற்றம். எடுத்துக்காட்டாக, எத்தனாலும் அசிட்டிக் அமிலமும் சேர்ந்து எத்தில் அசிட்டேட் ஆவது இருபுறமும் செல்லும் வினை. சம மோல் எடுத்தால் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குதான் எஸ்டராகும். அட்டையில் ஒற்றை அம்பு போட்டிருந்தால் அதை நான் பெரிதுபடுத்தமாட்டேன். பக்கத்தில் ஒரு குறிப்பு எழுதிக்கொண்டால் சரியாகிவிடும். ஆனால் இனி வருபவை அப்படி விடக்கூடியவை அல்ல.

குன்றக் கூறல்

சொல்ல வேண்டியதைக் குறைத்துச் சொல்லுதல். இந்த அட்டைகளில் மிகுதியாகக் காணும் குற்றம் இதுவே.

கிரிக்னார்டு வினைப்பொருளை எடுத்துக்கொள்வோம். உலர் ஈதரில் கீட்டோனோடு அதைச் சேர்ப்பது முதற்படி. அது முடிந்த பிறகுதான் நீர்த்த அமிலம் சேர்ப்பது இரண்டாம் படி. பல அட்டைகளில் இரண்டும் ஒரே அம்பின் மேல், நடுவில் ஒரு காற்புள்ளியோடு நிற்கின்றன. படிக்கிற பிள்ளை இரண்டையும் ஒன்றாகக் கலப்பதாகவே புரிந்துகொள்ளும். அப்படிக் கலந்தால் கிரிக்னார்டு வினைப்பொருள் கீட்டோனைத் தேடிப் போகாது. தண்ணீரிடமே ஹைட்ரஜனைப் பிடுங்கிக்கொண்டு வெறும் ஹைட்ரோகார்பனாக முடிந்துபோகும். லித்தியம் அலுமினியம் ஹைட்ரைடுக்கும் இதே கதை, இன்னும் மோசமாக. அது தண்ணீரைக் கண்டால் சீறி ஹைட்ரஜன் வாயுவை வெளிவிடும், தீப்பிடிக்கவும் கூடும். 35 டிகிரி செல்சியஸ் அளவிலேயே கொதித்துவிடுகிற ஈதருக்குப் பக்கத்தில் இது நடந்தால் என்ன ஆகும் என்று ஈதர் டிரம்மைக் கிடங்கில் வைத்துப் பார்த்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 1, 2 என்று இரண்டு இலக்கம் போடச் சோம்பல்பட்டதால் வருகிற வினை இது. இன்று அட்டையில் படிக்கிற பிள்ளைதான் நாளைக்கு ஆய்வுக்கூடத்தில் குடுவையைத் தொடப்போகிறது.

அடுத்தது அனிலீன். அமினோ தொகுதி இருந்தால் புதிய தொகுதி ஆர்த்தோ, பாரா இடங்களுக்குப் போகும் என்பது விதி. அந்த விதியை அப்படியே நீட்டி, அனிலீனை நேரடியாக நைட்ரோ ஏற்றம் செய்தால் ஆர்த்தோ, பாரா நைட்ரோ அனிலீன்கள் வரும் என்று அட்டை சொல்லிவிடுகிறது. நடைமுறை வேறு. என்.சி.இ.ஆர்.டி. பாடநூலே கொடுக்கும் கணக்கு: பாரா 51 விழுக்காடு, மெட்டா 47 விழுக்காடு, ஆர்த்தோ 2 விழுக்காடு. மெட்டா இவ்வளவு எங்கிருந்து வந்தது? நைட்ரோ ஏற்றத்துக்குப் பயன்படும் வலிமையான அமிலத்தில் அனிலீனில் பெரும்பகுதி அனிலீனியம் அயனியாகிவிடுகிறது. அந்த அயனி மெட்டா இடத்துக்கு வழிகாட்டும். விதி பொய்யல்ல. ஆனால் அது யாரைப் பற்றிய விதியோ அவர் அங்கே ஆளே மாறிப்போய் நிற்கிறார். பாரா பொருள்தான் முதன்மையாக வேண்டுமென்றால், முதலில் அசிட்டிக் அன்ஹைட்ரைடு கொண்டு அமினோ தொகுதியைக் காப்பிட்டு, நைட்ரோ ஏற்றி, பிறகு நீராற்பகுக்க வேண்டும். மூன்று படி. அட்டையில் இடமில்லை என்று அதை ஒரு படியாக்கினால் விடையும் மாறும்.

மிகைபடக் கூறல்

வேண்டாத சொல்லைக் கூட்டிச் சொல்வது என்று இதற்குப் பொருள். நான் அதைச் சற்று விரித்து, உண்மைக்கு மேல் உரிமை கொண்டாடுவதையும் இதில் சேர்க்கிறேன்.

சமச்சீரற்ற ஆல்க்கீனில் ஹைட்ரஜன் ஹாலைடு சேரும்போது ஹைட்ரஜன் எந்தக் கார்பனுக்குப் போகும் என்ற விதியை மார்க்கோவ்னிக்கோவ் 1870-இல் வெளியிட்டார். அதற்குப் பிறகு வெகுகாலம் ஒரு குழப்பம் இருந்தது. அல்லைல் புரோமைடில் ஹைட்ரஜன் புரோமைடைச் சேர்த்தால் ஓர் ஆய்வகத்தில் ஒரு பொருளும் மற்றோர் ஆய்வகத்தில் வேறு பொருளும் கிடைத்தன. 1933-இல் சிகாகோவில் கராஷும் மேயோவும் காரணத்தைப் பிடித்தார்கள். காற்றுப்பட்டு நாளான ஆல்க்கீனில் சேர்ந்திருந்த சிறிதளவு பெராக்சைடுதான் விளைபொருளைத் தலைகீழாக்கியது. யாரும் எழுதாமல் விட்ட ஒரு நிபந்தனை, தேர்ந்த விஞ்ஞானிகளையே அத்தனை காலம் அலைக்கழித்திருக்கிறது.

இப்படிக் கிடைத்த பெராக்சைடு விளைவை நம் அட்டைகள் எப்படி எழுதுகின்றன? ஹைட்ரஜன் ஹாலைடு என்று பொதுக் குறியீடு போட்டு, மேலே பெராக்சைடு என்று எழுதி, எல்லா ஹாலைடுக்கும் எதிர்-மார்க்கோவ்னிக்கோவ் பொருளைக் காட்டிவிடுகின்றன. இந்த விளைவு ஹைட்ரஜன் புரோமைடுக்கு மட்டுமே உரியது. ஹைட்ரஜன் குளோரைடின் பிணைப்பு வலிமையானது. தனி உறுப்பு அதை எளிதில் உடைத்து ஹைட்ரஜனை எடுக்காது. ஹைட்ரஜன் அயோடைடிலோ, அயோடின் அணு இரட்டைப் பிணைப்பில் சேரும் படி ஆற்றல் கணக்கில் கட்டுப்படியாகாது. மூன்று கடைக்கும் ஒரே பெயர்ப்பலகை மாட்டிவைத்தது போல இருக்கிறது அட்டை.

இன்னொன்று: பென்சீன் வளையத்தில் எந்த ஆல்க்கைல் தொகுதி இருந்தாலும் பொட்டாசியம் பெர்மாங்கனேட்டுடன் சூடாக்கினால் பென்சாயிக் அமிலம் வரும் என்பது. டொலுயீனுக்கு உண்மை, எத்தில் பென்சீனுக்கு உண்மை, ஐசோபுரோப்பைல் பென்சீனுக்கும் உண்மை. மூவிணைய பியூட்டைல் பென்சீனுக்குப் பொய். வளையத்தை ஒட்டிய கார்பனில் ஒரு ஹைட்ரஜனாவது இருக்க வேண்டும். அங்கே ஒன்றுகூட இல்லை. "எந்த" என்ற ஒரு சொல்தான் இங்கே பிழை.

மாறுகொளக் கூறல்

முன்னுக்குப் பின் முரணாகச் சொல்வது. ஒரே அட்டையின் இடது மூலையும் வலது மூலையும் ஒன்றையொன்று மறுக்கும் விந்தையை இங்கே காணலாம்.

ஓர் அட்டையில் நீக்க வினை என்ற கட்டத்தில், மூவிணைய ஹாலைடும் வலிமையான காரமும் சேர்ந்தால் ஆல்க்கீன் கிடைக்கும் என்று சரியாகவே இருந்தது. நாலு விரல் தள்ளி வில்லியம்சன் ஈதர் தொகுப்பு என்ற கட்டம். அங்கே மூவிணைய பியூட்டைல் புரோமைடும் சோடியம் மெத்தாக்சைடும் சேர்ந்து ஈதர் தருவதாக எழுதியிருந்தது. சோடியம் மெத்தாக்சைடு வலிமையான காரம்தானே? அப்படியானால் கிடைப்பது 2-மெத்தில்புரோப்பீன். ஈதர்தான் வேண்டுமென்றால் ஆட்களை மாற்றி நிறுத்த வேண்டும்: மூவிணையப் பகுதி ஆல்க்காக்சைடாகவும், மெத்தில் பகுதி ஹாலைடாகவும் வரவேண்டும். எந்தப் பக்கம் எது என்பதில்தான் விஷயமே இருக்கிறது.

இதே முரண் ஃபிரீடல் – கிராஃப்ட்ஸ் வினையிலும் உண்டு. 1877-இல் அந்த இருவர் கண்டறிந்த வினையைப் பென்சீனில் நேராக ஆல்க்கைல் தொகுதியைத் தைக்கும் ஊசியாக அட்டைகள் காட்டுகின்றன. 1-குளோரோபியூட்டேனும் அலுமினியம் குளோரைடும் சேர்த்தால் நேர்ச்சங்கிலி பியூட்டைல் பென்சீன் என்று ஒரே விடை. அதே அட்டை, கார்பன் நேரயனி பற்றிய கட்டத்தில், ஓரிணைய அயனி ஹைட்ரைடு இடப்பெயர்ச்சியால் ஈரிணைய அயனியாகும் என்று சொல்லியிருக்கிறது. சொன்னதை அடுத்த கட்டத்தில் பொருத்திப் பார்க்கவில்லை. 0 டிகிரி செல்சியஸில் இந்த வினை தருவது ஏறத்தாழ 65 விழுக்காடு ஈரிணைய பியூட்டைல் பென்சீன். நேர்ச்சங்கிலிப் பொருள் 35 விழுக்காடுதான். நேர்ச்சங்கிலியே வேண்டுமானால், அசைல் தொகுதியை முதலில் ஏற்றி, பிறகு கிளெமென்சன் முறையில் ஒடுக்குவது நல்ல வழி.

மயங்க வைத்தல்

இதுவா அதுவா என்று திகைக்கும்படி வைப்பது. பெரும்பாலும் அச்சிலும் குறியீட்டிலும் நிகழ்வது.

இடைப்பட்ட ஆல்க்கைனைத் திரவ அம்மோனியாவில் சோடியம் கொண்டு ஒடுக்கினால் டிரான்ஸ் ஆல்க்கீன் கிடைக்கும்; லிண்ட்லார் வினையூக்கி என்றால் சிஸ். சோடியம், அம்மோனியா இரண்டையும் நெருக்கி எழுதும்போது குறியீடு சோடமைடின் குறியீடாகிவிடுகிறது. சோடமைடு வேறு ஆள்; அது ஒடுக்காது, காரமாகத்தான் வேலை செய்யும். முனையில் மும்மைப் பிணைப்பு இருந்தால் ஹைட்ரஜனைக் கழற்றி அசிட்டிலைடு ஆக்கும். ஒரு இலக்கம் இடம் மாறியதில் ஒரு வினையே மாறிப்போகிறது.

எத்தனாலைச் செறிந்த கந்தக அமிலத்தோடு சூடாக்கும் வினையில் 413 கெல்வின் என்றால் டைஎத்தில் ஈதர், 443 கெல்வின் என்றால் எத்தீன். இந்த இரண்டு எண்ணும் இடம் மாறிய அட்டைகளைப் பார்த்திருக்கிறேன். எண் சரியாயிருந்து பக்கத்தில் டிகிரி செல்சியஸ் என்று அச்சான அட்டையும் உண்டு. செல்சியஸில் அவை 140, 170. அலகைத் தப்பாகப் போட்டுச் சரக்கு அனுப்பினால் வியாபாரத்தில் என்ன நடக்குமோ அதுவேதான் இங்கும்.

பெயர் மயக்கமும் உண்டு. அமைடிலிருந்து அமீன் தரும் வினைக்குரியவர் ஹாஃப்மன், 19-ஆம் நூற்றாண்டு ஜெர்மானியர். ரோமன் எழுத்தில் அவர் பெயரில் ஒரு 'எஃப்'தான். 1981-இல் நோபல் பரிசு பெற்ற ரோல்டு ஹாஃப்மன் பெயரில் இரண்டு. தமிழில் எழுதினால் இருவரும் ஒருவரே ஆகிவிடுவார்கள். ஆங்கில அட்டையிலும் ஆக்கிவிடுகிறார்கள். இதனால் மதிப்பெண் போகாது. ஆனால் பெயரில் அக்கறை இல்லாதவர் அம்பில் அக்கறை காட்டியிருப்பாரா என்ற சந்தேகம் வரத்தான் செய்யும்.

பேரேட்டில் கணக்கு இடிப்பது

இது நன்னூல் பட்டியலில் இல்லை. கடைக்காரன் பட்டியலில் முதலாவது. வரவும் செலவும் நேராக வேண்டும். வேதியியலும் அப்படித்தான்: இடப்பக்கம் வந்த கார்பன் வலப்பக்கம் எங்கே என்று கேட்க யாருக்கும் உரிமை உண்டு.

மேற்சொன்ன ஹாஃப்மன் வினையில் அசிட்டமைடில் புரோமினும் காரமும் சேர்த்தால் எத்திலமீன் வருகிறது என்று ஓர் அட்டை. அசிட்டமைடில் இரண்டு கார்பன், எத்திலமீனிலும் இரண்டு கார்பன், கணக்கு நேராகத்தானே இருக்கிறது என்று தோன்றும். ஆனால் இந்த வினையின் சிறப்பே ஒரு கார்பன் கார்பனேட்டாக வெளியேறுவதுதான். கிடைக்க வேண்டியது மெத்திலமீன். அசிட்டமைடு எத்திலமீன் ஆவது லித்தியம் அலுமினியம் ஹைட்ரைடு கொண்டு ஒடுக்கும்போது. இரண்டு வினையையும் அடுத்தடுத்து எழுதிக் கார்பனை எண்ணிப் பார்க்கும் பிள்ளை இதை ஆயுளுக்கும் மறக்காது.

வினைவழியைக் காட்டும் படங்களில் ஒரு கார்பனுக்கு ஐந்து பிணைப்பு விழுந்திருப்பதும், நேர்மின் சுமை பாதி வழியில் காணாமல் போவதும் சாதாரணம். வளைந்த அம்பு எலக்ட்ரான் இருக்கும் இடத்திலிருந்து கிளம்ப வேண்டும். அது வெறுங்கையோடு நிற்கும் ஹைட்ரஜன் அயனியிலிருந்து கிளம்பினால், கடன் வாங்க வந்தவன் பணம் கொடுத்ததாகக் கணக்கெழுதியது போல.

நம்மவர் பெயர் தாங்கிய ஒரு வினை

வெளிமாநிலத் தமிழர் மலரில் இதைச் சொல்லாமல் விட முடியாது. 1901-இல் சென்னையில் பிறந்த கே. வெங்கட்ராமன், மான்செஸ்டரில் ராபர்ட் ராபின்சனிடம் ஆய்வு செய்தவர். லாகூரிலும் பின்னர் பம்பாய்ப் பல்கலைக்கழக வேதித் தொழில்நுட்பத் துறையிலும் பணியாற்றி, 1957-இல் புணே தேசிய வேதியியல் ஆய்வகத்தின் முதல் இந்திய இயக்குநரானவர். சாய வேதியியலில் உலகம் அறிந்த பெயர். பேக்கர் 1933-இலும், மகாலும் வெங்கட்ராமனும் 1934-இலும் வெளியிட்ட வினை இன்று பேக்கர் – வெங்கட்ராமன் இடமாற்றம் என்று பாடநூல்களில் நிற்கிறது.

கல்லூரி மாணவர்களுக்கான பெயர்வினைக் கையேடுகளில் இதற்கு நேரும் கதி வருத்தம் தருவது. ஆர்த்தோ இடத்தில் எஸ்டர் தொகுதி கொண்ட அசிட்டோபீனோன், காரத்தின் முன்னிலையில், தன் அசைல் தொகுதியைக் கீட்டோனுக்கு அடுத்த கார்பனுக்கு மாற்றிக்கொண்டு 1,3-டைகீட்டோன் ஆகும். இதுவே அந்த வினை. அந்த டைகீட்டோனை அமிலத்தோடு சேர்த்து வளையமாக்கினால் ஃபிளேவோன் கிடைக்கும். அது அடுத்த படி. கையேடு இரண்டையும் ஒன்றாக்கிக் காரத்திலிருந்து நேரே ஃபிளேவோனுக்கு அம்பு போட்டுவிடுகிறது. இன்னொன்றில் காரத்துக்குப் பதில் அலுமினியம் குளோரைடு. அது ஃபிரைஸ் இடமாற்றம். அங்கே அசைல் தொகுதி வளையத்தின் கார்பனுக்குப் போகும். குன்றக் கூறல் ஒன்று, மயங்க வைத்தல் ஒன்று. நம் ஊர்க்காரர் பெயரை மேடையில் பெருமையாகச் சொல்கிறோம். அவர் கண்டுபிடித்ததைச் சரியாக எழுதுவதுதான் அவருக்குச் செய்யும் மரியாதை.

"தேர்வுக்கு இது போதாதா?"

இந்தக் கேள்வியை எல்லாரும் கேட்கிறார்கள். போதாது என்பதற்கு ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறேன். 2024 நீட் தேர்வில் இயற்பியல் வினா ஒன்று உச்ச நீதிமன்றம் வரை போனது. ஒவ்வொரு தனிமத்தின் அணுவும் நிலையானது என்ற பொருளில் பழைய என்.சி.இ.ஆர்.டி. பதிப்பில் ஒரு வாக்கியம் இருந்தது; புதிய பதிப்பு அதைப் பெரும்பாலான தனிமங்கள் என்று திருத்தியிருந்தது. பழைய நூலை நம்பி விடையளித்தவர்களுக்கும் முதலில் மதிப்பெண் கொடுத்தார்கள். நீதிமன்றம் டெல்லி ஐ.ஐ.டி. வல்லுநர்களிடம் கருத்துக் கேட்க, ஒரே ஒரு விடைதான் சரி என்று அவர்கள் சொன்னார்கள். சரியான விடைக்கு 4, தவறுக்குக் கழிவு 1. 4 லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளுக்கு 5 மதிப்பெண் போயிற்று. 720-க்கு 720 வாங்கியவர்களில் 44 பேர் அந்த முழு மதிப்பெண்ணை இழந்தார்கள். "ஒவ்வொரு" என்பதற்கும் "பெரும்பாலான" என்பதற்கும் உள்ள இடைவெளியின் விலை அது. பாடநூலுக்கே இந்த நிலை என்றால், யார் எழுதியது என்றே தெரியாத அட்டைக்கு என்ன உத்தரவாதம்?

மதிப்பெண்ணைத் தாண்டியும் ஒன்று உண்டு. எங்கள் சமணத் தருக்கத்தில் சியாத்வாதம் என்று ஒரு கொள்கை. எந்தக் கூற்றையும் 'ஒருவகையில்' என்ற நிபந்தனையோடு சொல்ல வேண்டும் என்பது அதன் சாரம். இதைச் சந்தேகவாதம் என்று நினைப்பவர்கள் உண்டு, அப்படியல்ல. எந்த இடத்தில், எந்தக் காலத்தில், எந்த நிலையில் இது உண்மை என்று சொல்லும் பொறுப்புதான் அது. அம்புக்குறிக்கு மேலே எழுதுகிற வெப்பநிலையும் கரைப்பானும் வினையூக்கியும் எனக்கு அந்தச் 'சியாத்' என்ற சொல்லாகவே தெரிகின்றன. அவற்றை அழித்துவிட்டு இதிலிருந்து அது வரும் என்று மட்டும் கற்றுக்கொள்ளும் பிள்ளை, நிபந்தனை இல்லாமல் பேசும் பழக்கத்தையும் சேர்த்துக் கற்றுக்கொள்கிறது.

பெற்றோர் செய்யக்கூடியவை

இவற்றில் பாதிக்கு வேதியியல் தெரிய வேண்டியதில்லை.

1. கார்பனை எண்ணச் சொல்லுங்கள். அம்புக்கு இரு பக்கமும் எண்ணி, கூடினாலோ குறைந்தாலோ அது எங்கிருந்து வந்தது, எங்கே போனது என்று கேளுங்கள். நேராக இருந்தாலும், நேராக இருக்க வேண்டிய வினைதானா என்று ஒரு தடவை கேளுங்கள்.

2. அம்புக்கு மேல் இரண்டு பொருள் இருந்தால், ஒன்றாகச் சேர்ப்பதா ஒன்றன்பின் ஒன்றா என்று கேளுங்கள். பதில் தெரியவில்லை என்றால் பாடநூலைத் திறக்க வைக்கலாம்.

3. 'எல்லா', 'எந்த', 'எப்போதும்' என்ற சொல் வரும் இடத்தில் ஒரு விதிவிலக்கைத் தேடச் சொல்லுங்கள்.

4. வெப்பநிலைக்கு அலகு இருக்கிறதா, அது கெல்வினா செல்சியஸா என்று பாருங்கள். வித்தியாசம் 273.

5. ஒரே சேர்மம் இரண்டு கட்டத்தில் வந்தால் இரண்டையும் எதிரெதிரே வைத்து, ஒன்றையொன்று மறுக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

6. பிழை கண்டால் மை வேண்டாம், பென்சிலால் திருத்தி, எந்த நூலில் எந்தப் பக்கம் பார்த்துத் திருத்தியது என்று ஓரத்தில் எழுதச் சொல்லுங்கள். ஆதாரம் இல்லாத திருத்தமும் இன்னொரு பிழைதான்.

நம் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளைகள் திருத்திய இந்த அட்டைகளை வருடா வருடம் வாங்கி, வேதியியல் ஆசிரியராக இருக்கும் உறுப்பினர்களைக் கொண்டு சரிபார்த்து, சங்க நூலகத்தில் ஒரு கோப்பாக வைக்கலாம். அடுத்த வருடம் தேர்வெழுதும் பிள்ளைக்கு அது எந்தக் கையேட்டையும்விடப் பயன்படும். ஓலைச்சுவடியைப் படியெடுத்த நம் முன்னோர், படியெடுத்ததை மூலத்தோடு ஒத்துப் பார்த்த பிறகே அடுத்தவர் கையில் கொடுத்தார்கள். அந்த வேலைதான் இது.

சுவரில் ஒட்டிய அட்டையை யாரும் கிழிக்க வேண்டாம். அதன் பக்கத்தில் ஆணி அடித்து, நூலில் கட்டிய பென்சில் ஒன்றைத் தொங்கவிடுங்கள்.